மூப்பு எனும் முகமூடி

'ஏன்?' இரண்டே எழுத்து. இந்த இரண்டெழுத்தைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு மனித இனம் பட்ட பாடு கொஞ்சமன்று. இடி இடித்தது, இந்திரன் சினந்தான் என்றனர். ஏன் என்று கேட்டவன் மின்னாற்றலைக் கண்டான். அம்மை வார்த்தது, அன்னை வந்திருக்கிறாள் என்றனர். ஏன் என்று கேட்டவன் அம்மை குத்தும் முறையைக் கண்டான். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பறைசாற்றிற்று. நிலவு மறைந்தது; பாம்பு விழுங்கிற்று என்றனர். ஏன் என்று கேட்டவன் அந்த நிலவின்மீதே 1969-இல் காலடி பதித்தான். கேள்வி புகுந்த இடத்திலெல்லாம் இருள் விலகிற்று. கேள்வி புகாத இடத்திலெல்லாம் இருள் குடியிருந்தது.

இதை மேடைதோறும் பேசுகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். நன்று! ஆனால், தோழர்களே, கேள்வி கேட்பதையே கொள்கையாகக் கொண்ட வீடுகளிலும், கேள்வியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையும் இடம் ஒன்று உண்டு. அது பூசை அறை அன்று. கூடத்து மூலையில் கிடக்கும் கயிற்றுக் கட்டில்! அதில் படுத்திருக்கும் முதியவர்!

அறுபத்தைந்து வயது. நேற்றுவரை கடைக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதியவர். ஆறு வாரங்களாகப் பேரனின் பெயர் நாவில் வரவில்லை. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கிறார். கையில் பிடித்த குவளை நழுவி விழுகிறது. காரணமின்றிச் சினக்கிறார், காரணமின்றி அழுகிறார். ஊர் உறங்கும் வேளையில் உறங்காது உலவுகிறார். வீடு என்ன சொல்கிறது? "வயதாகிவிட்டது!" தெரு என்ன சொல்கிறது? "வயதானால் அப்படித்தான்!" பகுத்தறிவுப் படிப்பகத்திலிருந்து திரும்பும் பிள்ளை என்ன சொல்கிறான்? அவனும் அதையேதான் சொல்கிறான். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிறான்.

'வயதாகிவிட்டது' என்பது ஒரு விடையா? அல்லது விடை தேடும் கால்களுக்குப் பூட்டும் விலங்கா? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா. மருத்துவ வினாவாகத் தோன்றும். அடியில் இருப்பது அறத்தைப் பற்றிய வினா.

முதலில் மருத்துவம் சொல்வதைக் கேட்போம். உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு, அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருள் என்னும் அம்பினைச் செய்து, எய்து வீழ்த்துவது அப்படையின் பணி. சில வேளைகளில் அந்தப் படைக்கு ஆள் அடையாளம் தவறிவிடுகிறது. காக்க வேண்டிய கோட்டையையே பகைவன் பாசறை என்று எண்ணி அம்பு தொடுக்கிறது. அம்பு மூளையில் பாய்ந்தால் என்ன ஆகும்? நினைவு நிலைகுலையும், உறக்கம் ஓடிவிடும், பேச்சு பிறழும், குணம் மாறும், வலிப்பு வரும். தன்னுடல் தாக்கும் மூளை அழற்சி என்று இதற்குப் பெயர். மூளைக் காய்ச்சல் என்றாலே கிருமியால் வருவது என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். இதில் கிருமி இல்லை. பல வேளைகளில் காய்ச்சலும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்னும் வட்டாரத்தில் 2014-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்டனர். கிருமியால் மூளை அழற்சி கண்டவர் ஒரு லட்சம் பேருக்கு 11.6, தன் படையாலேயே தாக்குண்டவர் 13.7. அரிய நோய்தான், ஆனால், கிருமியால் வரும் அழற்சி எவ்வளவு அரிதோ, அதைவிட அரிதன்று.

இந்நோயின் வரலாற்றில் ஒரு வியப்பு இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் பிரையர்லி, கார்செல்லிஸ் முதலான நால்வர், நினைவைத் தாங்கும் மூளைப் பகுதியில் விளைந்த அழற்சியை விரித்துரைத்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தது மூன்று நோயாளிகளை. அந்த ஆய்வுரையின் தலைப்பிலேயே 'பிற்பட்ட வயதினர்க்கு வரும் அழற்சி' என்ற குறிப்பு இருந்தது. 1968-இல் கார்செல்லிஸ் குழுவினர் இவ்வழற்சிக்கும் உடலில் மறைந்திருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காட்டினர். 2001-இல் ஆக்ஸ்போர்டில் ஏஞ்சலா வின்சென்ட் அம்மையாரின் குழு, எதிர்ப்பொருள் கொண்ட இரு நோயாளிகளைச் சுட்டி, இந்த அழற்சி மீளக்கூடியது என்று அறிவித்தது. மீளக்கூடியது! அந்த ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்களின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது!

பிறகு 2007-இல் ஜோசப் டால்மாவ் குழுவினர், என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டு பன்னிரண்டு பெண்களின் நிலையை வெளியிட்டனர். இளவயதினர், பெரும்பாலோர்க்குச் சூலகத்தில் கட்டி. நியூயார்க்கில் இருபத்து நான்கு வயதுச் செய்தியாளர் சூசன்னா கஹாலன் 2009-இல் இந்நோய்க்கு ஆட்பட்டு, மீண்டு, 2012-இல் தம் கதையை நூலாக எழுதினார். உலகம் படித்தது, உருகியது, நோயின் பெயர் பரவியது. நல்லதே நடந்தது. ஆயினும் அதன் நிழலில் ஓர் எண்ணமும் வேரூன்றிற்று: இது இளையவர்களின் நோய் என்பதே அந்த எண்ணம். முதியவர்களிடம் முதலில் காணப்பட்ட நோய், இளையவர்களின் நோயாகப் புகழ்பெற்றது. முதியவரோ பழையபடி 'வயதாகிவிட்டது' என்ற வரிக்குள் அடைக்கப்பட்டார்.

விளைவைப் பாருங்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, என்.எம்.டி.ஏ. வகை நோயாளிகள் 661 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களுள் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர் 31 பேர். இளையவர்க்கு நோய் இன்னதென அறிய நான்கு வாரம் ஆயிற்று. இவர்களுக்கோ எட்டு வாரம். நோய் ஒன்றே. அம்பு ஒன்றே. காத்திருப்பு மட்டும் இருமடங்கு! நலம் பெற்ற அளவிலும் மூத்தவர்கள் பின்தங்கினர். காலத்தாழ்வும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதினர்.

முதியவரிடம் இந்நோய் எந்த உருவில் வருகிறது? பாடநூல் சொல்லும் உருவில் வந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். அது மாறுவேடம் பூண்டு வருகிறது.

எல்.ஜி.ஐ.1 என்னும் புரதத்தைத் தாக்கும் வகையைக் கேளுங்கள். இப்புரதமே இலக்கு என்று 2010-இல் தெளிந்தனர். அறுபதையொட்டிய வயதினரையே, அவர்களுள்ளும் ஆண்களையே இது மிகுதியாகத் தேடுகிறது. முதல் அடையாளம் பெரும்பாலும் மறதி அன்று, ஒரு வெட்டு! ஒரு பக்கத்துக் கையும் அதே பக்கத்து முகமும் ஒரு கணம் இழுக்கும். மூன்று நொடிகூட இராது. ஆனால் ஒரு நாளில் பல பத்து முறை வரும். குவளை விழுகிறது, 'கை தளர்ந்துவிட்டது' என்கிறோம். முகம் கோணுகிறது, 'பழக்கம்' என்கிறோம். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தாலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. சிலருக்கு வலிப்பு வேறொரு வேடத்தில் வருகிறது: திடீரென உடல் சிலிர்த்து மயிர்க்கூச்செறியும். பக்தி மிக்க வீடாயிருந்தால் 'அருள் வந்தது' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வர்! சிலருக்கு நாடித்துடிப்பு திடீரெனக் குறைந்து தலை சுற்றும். பலருக்கு இரத்தத்தில் சோடியம் என்னும் உப்பின் அளவு தாழும். 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். கையின் வெட்டு ஒருபுறம், உப்பின் தாழ்வு ஒருபுறம், மறதி ஒருபுறம். மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்ப்பவர் இல்லையென்றால், மூன்றும் மூப்பின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

இன்னொரு வேடம்: உறக்கமே இல்லை, உடலெங்கும் வியர்வை, தசைகள் புழு நெளிவதுபோல் துடிக்கின்றன, இல்லாத ஆட்கள் கண்முன் நடமாடுகிறார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் மோர்வான் 1890-இல் எழுதிவைத்த நிலை இது. காஸ்பர்2 என்னும் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் இதன் பின்னணியில் இருக்கக் கூடும் என்பதை அறிய நூறாண்டுக்கு மேலாயிற்று. இதற்கு ஆளாவோரும் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்களே. செத்துப்போன அண்ணன் வாசலில் நிற்கிறான் என்று ஒரு முதியவர் சொன்னால், நம் ஊரில் எத்தனை பேர் மருத்துவரைத் தேடுவர்? எத்தனை பேர் மந்திரவாதியைத் தேடுவர்?

மற்றுமொரு வேடம்: மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உடல் மெலிகிறது, குடலை ஆராய்கிறார்கள், பிறகே மனக்குழப்பமும் நடுக்கமும் தலைகாட்டுகின்றன. டி.பி.பி.எக்ஸ். என்னும் புரதத்தைத் தாக்கும் வகை இது. நோய் இருப்பது தலையில், தேடுவதோ வயிற்றில்! வேறொரு வகை 2014-இல் அறியப்பட்டது. இக்லான்5 என்பது அதன் இலக்கு. உறக்கத்தில் கைகால்கள் வேலை செய்வதுபோல் அசையும், மூச்சு சீழ்க்கை ஒலியோடு திணறும், நடை தள்ளாடும். 'குறட்டை விடுகிறார், தள்ளாடுகிறார், முதுமை!' என்று கதையை முடித்துவிட எவ்வளவு எளிது!

இவை எங்கோ ஒன்றிரண்டு என்று ஒதுக்க வேண்டா. நெதர்லாந்தில் இந்நோய் கண்டவர் 290 பேரை ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர் 175. இந்த 175 பேரில் 67 பேருடைய நோய், தொடக்கத்தில் வலிப்பு முனைந்து தோன்றாமல், மறதிநோயின் உருவிலேயே வந்திருந்தது. நூற்றுக்கு 38! அந்த 67 பேரில் 33 பேருக்கு, மூளை தேய்ந்து போகும் நோய் என்ற ஐயமே முதலில் எழுந்தது. 17 பேரிடம் மெல்லிய வலிப்பு இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. 16 பேருக்கு மூளைப் படத்திலும் அழற்சி தெரியவில்லை. தண்டுவட நீரிலும் அணுக்கள் பெருகவில்லை. இறுதியில், படையை அடக்கும் மருந்து கொடுத்தபோது நூற்றுக்கு 84 பேர் தேறினர். எண்ணிப் பாருங்கள்: கேள்வி எழாமல் இருந்திருந்தால், தேறிய அந்த மனிதர்கள் என்ன ஆகியிருப்பார்கள்?

இனி அறத்திற்கு வருவோம். அறியாமை குற்றமா? அன்று. 1950-இல் ஒரு மருத்துவர் இந்நோயை அறியாதது அவர் குற்றமாகாது, உலகமே அறிந்திருக்கவில்லை. அறியாமை வேறு, அறிய மறுப்பது வேறு. அறியாமை இருட்டு, அறிய மறுப்பது, விளக்கிருந்தும் ஏற்றாதிருப்பது. 'வயதாகிவிட்டது' என்று சொல்லி எழுந்து போகிறவன் எந்த வகையைச் சேர்ந்தவன்?

இதைச் சோதிக்க ஓர் உரைகல் தருகிறோம். அதே மறதி, அதே சினம், அதே உறக்கமின்மை ஆறு வாரத்திற்குள் இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு வந்தால் என்ன செய்வோம்? பதறுவோம்; மருத்துவமனைக்கு ஓடுவோம்; 'ஏன்? ஏன்?' என்று கேட்டுக் கேட்டு மருத்துவரைத் துளைத்தெடுப்போம். எழுபது வயதுப் பாட்டிக்கு வந்தால்? பாயை விரித்துப் போடுவோம். எது மாறிற்று? நோய் மாறவில்லை. நம் கண்ணில் அந்த உயிரின் விலை மாறிற்று! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்குகிற வாய், பிறந்த ஆண்டால் மட்டும் உயர்வு தாழ்வு பார்க்கலாமோ?

வயது என்பது என்ன? ஓர் எண்ணிக்கை. இந்த மண்ணுலகம் கதிரவனை எத்தனை முறை சுற்றிவந்தது என்ற கணக்கு. கணக்கு எவரையும் கொல்வதில்லை. கணக்கு எவர் நினைவையும் திருடுவதில்லை. வயது ஏற ஏறச் சில நோய்கள் வரும் வாய்ப்பு ஏறும் என்பது உண்மை. வாய்ப்பு வேறு, காரணம் வேறு. மழைக்காலத்தில் கூரை ஒழுகும் வாய்ப்பு மிகுதி. அதற்காக ஒழுகும் கூரையைப் பார்த்து 'மழைக்காலம்' என்று சொல்லிவிட்டுப் போகும் தச்சனை வேலைக்கு வைத்துக்கொள்வோமா? ஓடு எங்கே உடைந்திருக்கிறது என்று ஏறிப் பார்ப்பவனைத்தானே அழைப்போம்!

'விதி' என்ற சொல்லை நாம் ஏன் எதிர்க்கிறோம்? அது பொய் என்பதனால் மட்டுமன்று. அது சோம்பலுக்குச் சூட்டிய மகுடம் என்பதனாலும் எதிர்க்கிறோம். எதற்கும் பொருந்தும் விடை எதையும் விளக்காத விடை. குழந்தை இறந்தாலும் விதி, பயிர் கருகினாலும் விதி, பாலம் இடிந்தாலும் விதி! அந்த விதியை வீட்டைவிட்டு விரட்டினோம். ஆனால் அது கொல்லைப்புறமாக வேறு பெயரில் நுழைந்து கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறது. நடுக்கமா? வயது. மறதியா? வயது. அழுகையா? வயது. பழைய விதிக்குச் சாம்பல் பூசிய நெற்றி. புதிய விதிக்கு நரைத்த தலை. வேறுபாடு அவ்வளவே!

பேய் என்றும் சூனியம் என்றும் பேசுகிறவர்கள் ஒருபுறம். அந்த இருளின் கொடுமையை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். மனநலம் குன்றியோர் 28 பேர் கொட்டகையில் தீக்கிரையாயினர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த அவர்களால் ஓடித் தப்ப முடியவில்லை. அவர்களுக்கு என்னென்ன நோய் என்று உரியபடி கேட்டவர் யார்? கேள்வி கேட்கப்படாத இடத்தில்தான் சங்கிலிக்கு வேலை வருகிறது. பேயை நம்பாதவன் சங்கிலி பூட்டமாட்டான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 'வயது' என்று சொல்லி ஒரு முதியவரை மூலையில் போட்டு, ஆராயாமல் விடுகிறவன், கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலியைத்தான் பூட்டுகிறான்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை மறைக்காமல் எடுத்துவைப்போம். மறுப்பைக் கண்டு அஞ்சுவது அறிவாளர் இயல்பன்று.

முதல் மறுப்பு: "முதுமையில் வரும் மறதியில் பெரும்பகுதி அல்சைமர் போன்ற தேய்வு நோய்களால் அன்றோ வருகிறது? எல்லாப் பாட்டிகளையும் இழுத்துப்போய் முதுகில் ஊசி குத்தி நீரெடுக்கச் சொல்கிறீரா?" இல்லை. பெரும்பகுதி தேய்வு நோயே என்பது உண்மை. எல்லாரையும் துளைக்கச் சொல்லவில்லை; எல்லாரையும் உற்றுப் பார்க்கச் சொல்கிறோம். வேகத்தைப் பாருங்கள். தேய்வு நோய் ஆண்டுக் கணக்கில் ஊர்ந்து வருவது. அழற்சியோ வாரக் கணக்கில், பெரும்பாலும் மூன்று மாதத்திற்குள் பாய்ந்து வருவது. மறதியோடு வலிப்போ, கையில் வெட்டோ, உப்பின் தாழ்வோ, உறக்கத்தின் அழிவோ, திடீர்க் குணமாற்றமோ சேர்ந்து வந்தால், அங்கே கேள்வி கேட்பது கடமை. கைக்கடிகாரமும் கவனமும் போதும். காசு தேவைப்படும் இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இரண்டாம் மறுப்பு: "நீர் பொய்யான நம்பிக்கையை ஊட்டுகிறீர்." கூர்மையான மறுப்பு, மதிக்கிறோம். இந்நோய் என்று முடிவு கட்டப்பட்டு, பின்னர் இந்நோய் அன்று என்று தெளிந்த 107 பேரின் நிலை 2023-இல் ஆய்வாக வெளியாயிற்று. அவர்களுள் சிலருக்கு இருந்தது மூளைத் தேய்வு; சிலருக்கு மனநோய். வேண்டாத மருந்தின் தீங்கினையும் சிலர் சுமந்தனர். படையை அடக்கும் மருந்து விளையாட்டுப் பொருளன்று. அடக்கப்பட்ட படையுள்ள உடலில் கிருமிகள் கொடியேற்றும். ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும். எனவே நாம் கேட்பது, 'வயது' என்ற மூடநம்பிக்கையின் இடத்தில் 'அழற்சி' என்ற புதிய மூடநம்பிக்கையை அமர்த்துவதையன்று. விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்காதீர் என்பதே நம் வேண்டுகோள். ஐயமே அறிவின் கருவி. அதற்கு இருபுறமும் கூர்மை இருக்க வேண்டும். ஆராய்ந்த பின் 'இது தேய்வு நோய்தான், மீளாது' என்று தெரிந்தால், அதையும் ஏற்போம், அன்போடு பேணுவோம். ஆராய்ந்து அறிந்த துயரம் வேறு. ஆராயாமல் விட்ட துயரம் வேறு. முன்னதில் கண்ணீர் மட்டுமே உண்டு. பின்னதில் பழியும் உண்டு.

மூன்றாம் மறுப்பை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனத்துக்குள் முணுமுணுப்பார்கள்: "வாழ்ந்து முடித்தவர்தானே? இருக்கிற பணத்தை இளையவருக்குச் செலவிடலாமே!" இந்த முணுமுணுப்பு எங்கே கொண்டு போய்விடும் என்பதற்குத் தமிழகமே சான்று. தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில், தளர்ந்து கிடக்கும் முதியவர்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உயிர் பிரியச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம், விருதுநகர் மாவட்டத்திலிருந்து 2010-இல் வெளியுலகச் செய்தியாகி நம்மைத் தலைகுனிய வைத்தது. வறுமை அதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 'முடிந்துவிட்டவர்' என்ற எண்ணம் முதலில் பிறக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் பிறகு வருகிறது. அந்தத் தளர்ச்சி எதனால் என்று எவரேனும் கேட்டிருப்பார்களா? மனிதனின் மதிப்பு அவனுக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. இருந்தால், நோயுற்ற குழந்தைக்கும் மதிப்பு இராது. நாளை களத்தில் சாகப்போகும் வீரனுக்கும் மதிப்பு இராது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு, எழுதப்படாத கணக்கு. மூலையில் போடப்பட்ட முதியவரை இரவெல்லாம் கண்விழித்துக் காப்பவர் யார்? துணி மாற்றுபவர் யார்? ஏச்சைக் கேட்பவர் யார்? மருமகள்; மகள்; மனைவி. 'வயது' என்று சொல்லிவிட்டு ஆடவன் வெளியே போய்விடுகிறான்; அந்தச் சொல்லின் சுமையைப் பெண் சுமக்கிறாள். மீளக்கூடிய நோயை மீட்காமல் விட்டால், சிறைப்படுவது ஓர் உயிரன்று, இரண்டு.

இன்னும் ஆழமான ஒரு வினா இருக்கிறது. நோயுற்ற முதியவர் மருமகளைப் பார்த்து, 'என் பணத்தைத் திருடினாய்' என்கிறார். ஐம்பதாண்டு கூட வாழ்ந்த மனைவியை, 'நீ யார்?' என்கிறார். இச்சொற்களுக்கு அவரைப் பொறுப்பாக்கலாமா? குணம் வேறு, மூளை வேறு என்று எண்ணுகிறவர்க்கு இது விடுபடாத புதிர். மாசற்ற ஆன்மா உள்ளே இருந்தால், சில புரதங்கள் தாக்கப்பட்டதும் அது எங்கே போயிற்று? மருந்து ஏறியதும் எங்கிருந்து திரும்பிற்று? மனம் என்பது மூளையின் செயல் என்று கருதுகிறவர்க்கோ புதிர் இல்லை. ஆனால் கடமை இருக்கிறது. பேசுவது அழற்சி என்று அறிந்தால், கேட்பவன் சினத்தை அடக்க வேண்டும். அறிவை ஒப்புக்கொண்டு, அந்த அறிவு கேட்கும் பொறுமையைத் தர மறுப்பவன், பாதிப் பகுத்தறிவாளன்!

அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தேவை. முதியவர் சினந்தாலே நோய் என்று முத்திரை குத்திவிடுவதும் கொடுமையே. சொத்தைப் பிடுங்கிக்கொண்ட மகனைப் பார்த்து ஒரு தாய் சீறினால், அது அழற்சியன்று, நியாயம். 'அவளுக்கு மூளை கலங்கிவிட்டது' என்று சொல்லி வாயடைப்பவன், மருத்துவத்தின் பெயரால் அநீதி செய்கிறான். எனவே இங்கும் வேண்டுவது ஆராய்ச்சியே: நேற்றுவரை இருந்த மனிதர் வேறு, இன்றைய மனிதர் வேறு என்னும்படி மாறினாரா? எத்தனை வாரத்தில்? மாற்றத்தோடு வேறு என்ன வந்தது? ஒருவரை நன்றாக அறிந்தவர்க்கே இதற்கு விடை தெரியும். முதியவரோடு பேசிப் பழகாத வீட்டில், அவர் மாறியது எவருக்குத் தெரியப்போகிறது? கவனிப்பு என்பது நோய் வந்தபின் தொடங்கும் சடங்கன்று. நாள்தோறும் அருகமர்ந்து பேசுவதில் அது பிறக்கிறது.

இளைஞர்களே! உங்களிடம் பெருஞ்செயல் கேட்கவில்லை. பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ திடீர் மாற்றம் கண்டால், அது தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். கை வெட்டினால், முகம் இழுத்தால், கையில் இருக்கும் தொலைபேசியில் படம் பிடியுங்கள். மூன்று நொடியில் மறைவதை மருத்துவர் அறையில் காட்ட முடியாது, படத்தில் காட்டலாம். சோடியத்தின் அளவு என்னவென்று கேளுங்கள். 'ஆண்டுக் கணக்கில் வந்ததன்று, வாரக் கணக்கில் வந்தது' என்று அழுத்திச் சொல்லுங்கள். தன்னுடல் தாக்கும் நோயாக இருக்குமா என்று பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். எதிர்ப்பொருள் சோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல், பிற காரணங்களை விலக்கிவிட்டு, தக்க அடையாளங்களைக் கொண்டே மருத்துவத்தைத் தொடங்கலாம் என்று 2016-இல் உலக வல்லுநர்கள் வகுத்த நெறி இருக்கிறது. காலம் இங்கே மருந்தின் ஒரு பகுதி. கையும் முகமும் இழுக்கும் வலிப்புடையோர் 103 பேரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள்: வலிப்பு மருந்து மட்டும் கொடுத்தபோது வலிப்பு நின்றது நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, படையை அடக்கும் மருந்தையும் சேர்த்தபோது முப்பது நாளுக்குள் நின்றது நூற்றுக்கு 51 பேருக்கு. மறதி தொடங்குமுன் தொடங்கிய மருத்துவமே சிறந்த பயன் தந்தது. ஒரு வாரத் தாமதம் ஒரு வாரமன்று. மனிதரின் நினைவில் ஒரு பகுதி!

எல்லா மருத்துவமனையிலும் இச்சோதனை இல்லை. எல்லார் கையிலும் அதற்கான காசு இல்லை. அதற்காகப் போராடுவது அரசியல் கடமை, போராடுவோம். ஆனால் கேள்வி கேட்பதற்குக் காசு வேண்டா. கேள்வி எழாத நாட்டில் சோதனைக் கருவி வந்தாலும் அது தூசு படிந்து கிடக்கும். கேள்வி எழும் நாட்டில் கருவி வராமல் இராது.

நாம் தலைநிமிர்ந்து நிற்பதற்காகத் தலை நரைத்தவர்கள் அவர்கள். நமக்கு 'ஏன்' என்று கேட்கக் கற்றுத் தந்த தலைமுறை அது. நாம் சிறுவராயிருந்தபோது ஓயாமல் கேட்ட ஆயிரம் 'ஏன்'களுக்கு அலுக்காமல் விடை சொன்ன வாய், இன்று சொல் தடுமாறிக் கிடக்கிறது. அவர்களுக்காக நாம் ஒரே ஒரு 'ஏன்' கேட்கக் கூடாதா? மூப்பு எனும் முகமூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது சில வேளைகளில் தேய்வாக இருக்கலாம். சில வேளைகளில் தீர்க்கக்கூடிய நோயாக இருக்கலாம். எப்போதும் ஒரு மனிதர் இருக்கிறார். முகமூடியைக் கழற்றாமலே முடிவு சொல்கிறவன் மூடத்தனத்தின் தோழன். கழற்றிப் பார்க்கிறவனே பகுத்தறிவின் பிள்ளை!